கால் எங்கே?

"என்னை எப்பதான் தண்ணியில எறக்குவீங்க?" என்று கேட்டார் ஜெயக்கொடி.

"கால் எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

அவர் கேள்விக்கு இது பதிலே இல்லை. ஜெயக்கொடிக்கு எரிச்சலாக வந்தது.

ஜெயக்கொடி போடிக்காரர். வயது நாற்பத்தைந்து. இருபது வருஷம் மலையில் கயிறு கட்டிப் பாறை ஏறியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பாறையிலிருந்து விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அன்றிலிருந்து சக்கர நாற்காலி.

ஜெசிந்தாவுக்கு இருபத்தெட்டு. அவளும் சக்கர நாற்காலிதான். ராமநாதபுரத்துக் கடலோரத்தில், நடக்க முடியாதவர்களுக்குக் கயாக் ஓட்டச் சொல்லித் தருகிறாள். ஒற்றை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லிப் படகு அது. சுற்றுவட்டாரமே அவளை மாஸ்டர் என்று கூப்பிடும். ஜெயக்கொடி மட்டும் தங்கச்சி என்பார். வயதில் சின்னவள், மலை ஏறாதவள். இதற்கு மேல் மரியாதை தர அவருக்கு மனசு வரவில்லை.

அவர் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு மணல்திட்டு தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆறேழு பேர் அங்கே போகிறார்கள். அவருக்கும் போக வேண்டும். மூன்று வருஷமாக அவரை யாராவது பின்னால் நின்று தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். தள்ள ஆளே இல்லாத ஓரிடத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டால் போதும் என்று இருந்தது.

"கால் எங்க இருக்குன்னு சொல்லுங்க. எறக்கிர்றேன்."

"போடில இருக்கு. விழுந்த எடத்துலயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.

"அப்படியா? நாளைக்குப் பாப்போம்ணே."

சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மனைவியோடு தங்கியிருந்த வாடகை அறைக்குத் திரும்பிய ஜெயக்கொடி யோசித்தார். குரு விடுகதை போடுவதும் சீடன் மண்டையை உடைத்துக்கொள்வதும் கதைகளில் அவர் படித்ததுதான். சரி, இந்தப் பெண்ணுக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. விடை சொல்லிவிட்டால் போயிற்று.

ஊரில் ஒரு தமிழ் வாத்தியாரைப் போனில் பிடித்தார். முக்கால் மணி நேரம் பேசினார். மறுநாள் காலை முகமெல்லாம் வெளிச்சமாக வந்து சேர்ந்தார்.

"கால் எங்கண்ணே?"

"பழைய தமிழ்ல கால்னா காத்துன்னு அர்த்தம். அப்பப் பாத்தா, எங் காலு இந்தக் காத்துல கலந்திருக்கு. எல்லா எடத்துலயும் இருக்கு."

ஜெசிந்தா சிரித்த சிரிப்பில் அவள் நாற்காலியே ஆடியது.

"நல்லா இருக்குண்ணே. ஆட்டோ பின்னாடி எழுதலாம்."

"அப்ப எறக்க மாட்டீங்களா?"

"நாளைக்குப் பாப்போம்."

மூன்றாம் நாள் சனிக்கிழமை. பலகைப் பாதை வழியாக அவர் வேகவேகமாகச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். இன்றைக்கு விட்டால் நாளைப் பயணம் கைநழுவிவிடும்.

"கால் எங்க—"

"இல்ல! எனக்குக் காலே இல்ல! இது ரெண்டும் வெறும் மூட்ட. நான் செத்தாத்தான் எறக்கி வைக்க முடியும். போதுமா?"

கடலோரத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயக்கொடி அழுகையை அடக்கிக்கொண்டு கடலைப் பார்த்தார்.

ஜெசிந்தா கோபப்படவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. குனிந்து, தன் வலது கால் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினாள். கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு. தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது.

"போட் எஞ்சின்ணே. அதுமேல கால் சாஞ்சு கெடந்திருக்கு. எனக்குத் தெரியல. வாசன வந்துச்சு. யாரோ மீன் சுடுறாங்கன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பேன்ட்டை இறக்கிவிட்டாள்.

ஜெயக்கொடி குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

இடது கால் மிதிதட்டில் இல்லை. எப்போது நழுவியதோ தெரியாது. செருப்பைக் காணோம். பலகைப் பாதை முழுக்க அது தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. பெருவிரலில் தோல் உரிந்து, ரத்தத்தில் மணல் ஒட்டியிருந்தது. திரும்பிப் பார்த்தார். பலகைகளின் மேல் அங்கங்கே சிவப்பாகத் தெரிந்தது.

இந்த மூன்று வருஷத்தில் மனைவிதான் அந்தக் கால்களைக் கழுவினாள், துடைத்தாள், செருப்பு மாட்டினாள். அந்த நேரத்தில் ஜெயக்கொடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கினார். இவ்வளவு கனக்கும் என்று நினைக்கவில்லை. மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, துண்டால் மணலைத் துடைத்தார். வலிக்காது என்று தெரிந்தும் மெதுவாகத்தான் துடைத்தார்.

ஜெசிந்தா மருந்துப் பெட்டியை நீட்டினாள்.

"புண்ணு ஆறட்டும்ணே. ரெண்டு வாரம் உப்புத்தண்ணி ஆகாது."

ஞாயிற்றுக்கிழமைப் பயணம் போயிற்று.

"சரி மாஸ்டர்" என்றார்.

மறுநாள் காலையில் மனைவி வழக்கம்போல் வாளியோடு வந்தாள். "நான் பாத்துக்கிறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு கைக்கண்ணாடி கேட்டார். அடிப்பாதத்தையும் குதிகாலையும் அதில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று அவள் கேட்கவில்லை. கதவை மட்டும் சாத்திவிட்டுப் போய் வெளியே உட்கார்ந்து அழுதாள்.

இரண்டு வாரம் கழித்து அந்த மீனவர்கள் இருவரும் அவரைத் தூக்கிப் படகில் உட்கார வைத்தார்கள். மிதவைச் சட்டை மாட்டினார்கள். ஜெசிந்தா தன் படகில் பக்கத்தில் வந்தாள். கேட்க வாயைத் திறப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"எடது கால் மிதிகட்டையில இருக்கு. வலது கொஞ்சம் வெளிய சாஞ்சிருக்கு. இருங்க."

கையால் எடுத்து உள்ளே வைத்தார். கயிறு எதுவும் சுற்றியிருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவினார்.

"ம், போலாம்."

போனார்கள். மார்பளவு தண்ணீர் வந்ததும் ஜெசிந்தா தன் துடுப்பை நீட்டி அவர் படகின் விளிம்பில் வைத்தாள். ஒரே அமுக்கு. படகு குப்புறக் கவிழ்ந்தது.

கரையில் அவர் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். மீனவர்கள் இதற்கென்றே கிட்டத்தில் நின்றார்கள். ஜெசிந்தா கையைக் காட்டி அவர்களை நிறுத்தினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

கொஞ்சம் தள்ளி ஜெயக்கொடியின் தலை மேலே வந்தது. கண்ணில் உப்பு, மூக்கில் தண்ணீர். அவர் முகத்தைத் துடைக்கவில்லை. ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தண்ணீருக்குள் விட்டு இடுப்புக்குக் கீழே துழாவினார். இந்தப் பக்கம் துழாவினார். அந்தப் பக்கம் துழாவினார்.

"என்னண்ணே, எல்லாம் சரியா?" என்று கத்தினாள் ஜெசிந்தா.

அவர் இருமிக்கொண்டே சொன்னார்:

"மூணு பேரும் வந்துட்டோம், மாஸ்டர்."