ஸ்கேலால் மண்டபத்தை அளந்தவர்

"குருவே, நான் அடிக்கிறது ஒண்ணு, போர்டுல ஓடுறது ஒண்ணு!"

கதிரேசன் மூச்சிரைக்க மலைமேல் இருந்த மடத்துக்கு ஏறி வந்திருந்தார். வயது ஐம்பத்தாறு. லேப்டாப்பை மார்போடு அணைத்திருந்தார்.

குரு யாழினிக்கு இருபத்திரண்டு. தாடி கிடையாது. கொய்யாக்காயை மிளகாய்த்தூளில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

"உட்காருங்க மாமா. என்ன ஓடுது?"

"நாளைக்கு என் பொண்ணு கல்யாணம். மண்டப வாசல்ல எழுத்து ஓடுற போர்டுக்கு நானே சி-ங்கிற கம்ப்யூட்டர் மொழியில ப்ரோகிராம் எழுதினேன். பூங்குழலின்னு கொடுத்தா 'பூ'ன்னு ஓடுது."

"நல்லாத்தானே இருக்கு."

"மாப்பிள்ளை மாறவர்மன். 'மா'ன்னு ஓடுது."

"கன்னுக்குட்டி கூப்பிடுற மாதிரி."

"சிரிக்காதீங்க. மாப்பிள்ளையோட அப்பா பேரு சீராளன்."

குரு கொய்யாவைக் கீழே வைத்தார்.

"'வருக வருக சீ'ன்னு ஓடுது குருவே! இன்னிக்கு நாலு மணிக்கே வந்து இறங்குவாரு. பத்திரிகையில இனிஷியல் விட்டுப்போச்சுன்னு ஒரு வாரம் பேசாத மனுஷன்."

கதிரேசன் சம்பந்தியின் கட்டைக்குரலை அப்படியே எடுத்தார்.

"'டிரைவர்! வண்டியத் திருப்பு!' கல்யாணம் அத்தோட சரி."

"சோதிச்சுப் பார்க்கலையா?"

"பார்த்தேனே. ரவின்னு இங்கிலீஷ்ல போட்டேன். முழுசா வந்தது."

"அது நாலு எழுத்து, கம்ப்யூட்டர் கணக்குல நாலு பைட் இடம். தமிழ்ல ஒரு எழுத்துக்கே மூணு. கால், சுழி போட்டா இன்னும் மூணு. பேரை போர்டுக்கு அனுப்புற உங்க ஃபங்ஷன் எத்தனை பைட் எடுத்துக்குது?"

"எட்டுதான். ஆனா பேருக்கு நான் அறுபத்துநாலு இடம் விட்டிருக்கேன்! அந்த இடத்தைக் காட்டுற பாயின்டரைத்தான் ஃபங்ஷனுக்கு அனுப்புறேன். அங்க போய் 'அளவு என்ன'ன்னு கேட்டா எட்டுங்குது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுது குருவே."

குரு பேனாவை எடுத்தார். ஒரு துண்டுத்தாளில் மண்டபத்தின் விலாசத்தை எழுதினார். ஒரு ஸ்கேலோடு சேர்த்து நீட்டினார்.

"மண்டபம் எவ்வளவு நீளம்? அளந்து சொல்லுங்க."

"இறங்கிப் போயிட்டு வர ஒரு மணி நேரம் ஆகுமே!"

"எதுக்குப் போகணும்? கையிலதானே வச்சிருக்கீங்க."

குரு சொன்னால் செய்யத்தான் வேண்டும். கதிரேசன் தாளின்மேல் ஸ்கேலை வைத்தார்.

"எட்டு சென்டிமீட்டர்."

"அடடா. அதுல எப்படிப் பந்தி போடுவீங்க? எறும்புக்குக்கூட இலை பத்தாதே."

"என்ன குருவே விளையாட்டு! இது மண்டபமா? இது வெறும் விலா..."

திறந்த வாய் திறந்தபடி நின்றது.

பிறகு அவர் சிரித்த சிரிப்பில் மடத்துப் புறாக்கள் மொத்தமும் கிளம்பின. சிரித்துக்கொண்டே உட்கார்ந்து இரண்டு வரியை மாற்றினார். இப்போது பாயின்டர் என்ற வெறும் விலாசத்தோடு, அறுபத்துநாலு என்ற அளவும் ஃபங்ஷனுக்குச் சேர்ந்து போனது.

லேப்டாப்போடு மலையிறங்கி ஓடினார்.

நாலு மணி.

சீராளன் காரைவிட்டு இறங்கினார். நிமிர்ந்து போர்டைப் பார்த்தார். தோள்துண்டைச் சரிசெய்தார். நகரவில்லை.

நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பவைத்தபடி காத்திருந்தார். ஆரத்தித் தட்டு காத்திருந்தது.

கதிரேசனுக்கு வியர்த்தது. "உள்ள வாங்க சம்பந்தி."

"இருங்க," என்றார் சீராளன். "என் பேரு இன்னொரு தடவை வரட்டும்."