குதிரைக்கு விழுந்த திட்டு

கொத்தனேரி ஜமீன்தாருக்கு ஐம்பது வயதில் குதிரைச் சவாரி ஆசை வந்தது. லாயக்காரன் மீராசாவை அழைத்தார்.

“பத்தாம் நாள் தேரோட்டம். தேருக்கு முன்னால் நான் குதிரையில் வரவேண்டும். விழுந்தால் உனக்கு வேலை இல்லை. ஆனால் லாயக்காரன் எனக்கு உத்தரவு போடக்கூடாது. ஒன்று போட்டாலும் வேலை இல்லை.”

“உத்தரவு, எஜமான்,” என்றான் மீராசா.

மறுநாள் காலை ஜமீன்தார் குதிரைமேல் நெல் மூட்டை போலச் சரிந்து உட்கார்ந்தார். மீராசா குதிரையின் காதைப் பிடித்தான்.

“டேய், கூன் போடாதே. குதிகாலைக் கீழே அழுத்து. கடிவாளத்தை ஈரத்துணி மாதிரி முறுக்காதே. தரையைப் பார்க்காதே, போகிற வழியைப் பார்.”

“யாரைடா சொல்கிறாய்?”

“குதிரையைத்தான், எஜமான்.”

“குதிரைக்கு ஏதடா குதிகால்?”

“இல்லைதான். அதனால்தான் எத்தனை சொன்னாலும் அழுத்தமாட்டேன் என்கிறது.”

ஜமீன்தார் சத்தமில்லாமல் தன் குதிகாலை அழுத்தினார். தினமும் திட்டு வாங்கியது குதிரை, நிமிர்ந்தது அவர். போகப்போகத் தன்னை மறந்து ‘சரிங்க, சரிங்க’ என்று முனகவும் ஆரம்பித்தார்.

தேரோட்டத்தில் அவர் விழவில்லை. அவர் குதிரையை விட்டு இறங்குமுன்பே, விருந்துக்கு வந்திருந்த பக்கத்து ஜமீன்தார் அருகே வந்து வியந்துபோனார். “யார் கற்றுக்கொடுத்தது?”

“யாரும் இல்லை. பிறவியிலேயே வந்தது.”

மீராசா குதிரையின் காதைப் பிடித்தான். “டேய், பொய் சொல்லாதே.”

“சரிங்க,” என்றார் ஜமீன்தார்.