பதிவேட்டில் இல்லாத ரோலர்

சங்ககிரி புறவழிச் சாலையில் நாச்சிமுத்து எந்திர வாடகை நிலையம் என்று ஒன்று இருந்தது; எந்திரங்கள் நிற்க ஒரு யார்டு, ஓரமாக ஒரு ஆபீஸ். அங்கே வேலை பார்த்த மூன்று பேருக்கும் மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்தது. பிறந்த நாளிலிருந்து உறை பிரிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மூவரில் மூத்தவர் அங்கமுத்து. எந்திரப் பதிவேடு அவர் பொறுப்பு. அடுத்தவர் ரோடு ரோலர் ஓட்டும் சென்னிமலை. மூன்றாவது, போன் எடுக்கும் தெய்வாத்தாள். மணி அடித்தால் எடுப்பார். அடிக்காவிட்டாலும், அடிக்க மறந்திருக்குமோ என்று எடுத்துப் பார்ப்பார்.

அந்த வருஷம் முதலாளி நாச்சிமுத்து பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஏஐ ஏஜெண்ட்டையும் வைத்தார். எந்த எந்திரம் இருக்கிறது, எது வாடகைக்குக் கிடைக்கும் என்று அதுவே வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும். ஆனால், எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்ட கான்கிரீட் கலவை எந்திரம் ஒன்று பதிவேட்டில் அப்படியே கிடந்தது. ஏஜெண்ட் அதை ஒரே நாளில் மூன்று பேருக்கு வாடகைக்குப் பேசிவிட்டது. கூரை போட ஆட்களை நிறுத்திவிட்டு வந்த மூன்று பேரும் முதலாளியை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

"அங்கமுத்து, திங்கக்கெழம காலைல நான் வாரப்ப பதிவேட்டுல இருக்கறது யார்டுல இருக்கோணும். யார்டுல இருக்கறது பதிவேட்டுல இருக்கோணும். இல்லீன்னா நீ ஊட்டோட இருந்துக்க" என்றார் முதலாளி.

அங்கமுத்து விரல்விட்டு மாதங்களை எண்ணினார். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். வேலை இல்லாத மாமனாரை எந்த மாப்பிள்ளை மதிப்பான்?

வெள்ளிக்கிழமை, கோயம்புத்தூர் மென்பொருள் கம்பெனியிலிருந்து இலக்கியா என்ற பெண் வந்தாள். பதிவை அழிக்கும் கருவி ஏஜெண்ட்டிடம் இருக்கிறது, அதை எப்போது எப்படிப் பயன்படுத்துவது என்ற விளக்கக் குறிப்புதான் இல்லை, அதை நீங்கள்தான் எழுத வேண்டும் என்றாள்.

"படிக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சு எழுதுங்க சார். அழிக்கறதுக்கு முன்னாடி எந்திரத்த நேர்ல பாக்கணும்னு சேருங்க. ஒரு உதாரணம் குடுங்க, குடுத்தத ஒருதடவ செஞ்சும் பாத்துருங்க." சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

சனிக்கிழமை காலை மூவரும் உட்கார்ந்தார்கள். 'எந்திரம் இரும்பால் ஆனது. மாடு எந்திரம் அல்ல' என்று அங்கமுத்து தொடங்கினார். பஸ் நிலையத்திலிருந்து ஆபீசுக்கு வரும் வழியை எழுதினார். செருப்பை வாசலில் விட வேண்டும் என்பதைத் தெய்வாத்தாள் சேர்க்கச் சொன்னார். மதியத்துக்குள் பதினொரு பக்கம் ஆயிற்று. அழிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை.

பிறகு, எந்திரத்தை நேரில் பார்க்கப் போனார்கள். கலவை எந்திரம் நின்ற இடத்தில் ஆவாரஞ்செடி முளைத்திருந்தது.

"இல்லாதத எப்படிங்க நேர்ல பாக்கறது?" என்றார் சென்னிமலை.

"பாக்காம அழிக்கக் கூடாதுன்னு அம்மிணி சொல்லியிருக்குதே" என்றார் அங்கமுத்து.

"அப்பக் கொண்டாந்து பாத்துட்டு அழிச்சர்லாமுங்க" என்றார் தெய்வாத்தாள். அந்தப் பக்கத்தில் அவரைத்தான் விவரமானவர் என்பார்கள்.

பழைய இரும்புக் கடையில் எந்திரம் இன்னும் உடைபடாமல் கிடந்தது; கடைக்காரர் எடைக்கு எடை இரும்பு கேட்டார். யார்டின் கேட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எந்திரத்தை டெம்போவில் ஏற்றி வந்தார்கள். அங்கமுத்து அதைச் சுற்றி வந்து, தொட்டும் பார்த்தார்.

"பாத்தாச்சு. அழிச்சர்லாமுங்களா?" என்றார் சென்னிமலை.

"அதெப்படி அழிக்கறது? அதுதான் குத்துக்கல்லாட்டம் இங்க நிக்குதே! பதிவேட்டுலயும் இருக்குது, யார்டுலயும் இருக்குது. ஒத்துப்போச்சு" என்றார் அங்கமுத்து. போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது.

உதாரணம் மட்டும் பாக்கி. சின்ன எந்திரமாகக் கொடுத்தால் ஏஜெண்ட்டின் கண்ணில் படாது என்று, இருப்பதிலேயே பெரிதான ரோலரைத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னிமலைக்குக் கவலை வந்துவிட்டது.

"அழிச்சதும் வண்டி காத்துல கரைஞ்சு போயிட்டா?"

"கட்டிப் போட்டர்லாம்" என்றார் அங்கமுத்து.

ரோலரை வேப்பமரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். போனால் நானும் கூடப் போகிறேன் என்று சென்னிமலை மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். உள்ளே ஏஜெண்ட் பணிவாகக் கேட்டது: "இதை அழித்தால் திரும்ப எடுக்க முடியாது. அழிக்கட்டுமா?"

அங்கமுத்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "அழிச்சுக்குங்க. கயிறு புதுசுதான்."

பதிவு போயிற்று. ரோலர் அப்படியே நின்றது. சென்னிமலை ஆனந்தக் கண்ணீர் விட்டார். அங்கமுத்துவின் முகம்தான் மெல்ல மெல்லச் சுருங்கியது.

"பதிவேட்டுல ரோலர் இல்லை. யார்டுல இருக்குது. ரெண்டுல ஒண்ணு தப்பு."

"கம்ப்யூட்டரு தப்புப் பண்ணாதுங்க" என்றார் தெய்வாத்தாள்.

"அப்ப ரோலருதான் தப்பு."

வேறு வழியில்லை. சென்னிமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். கயிற்றை அவிழ்க்க மறந்ததில் வேப்பமரமும் பாதி கூட வந்தது. கேட் இல்லாதது நல்லதாகப் போயிற்று. சாலைக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் ரோலரை நிறுத்திவிட்டு வந்தார்கள்.

திங்கட்கிழமை முதலாளி வந்தார்.

"கேட்டு எங்கடா?"

"அது பதிவேட்டுலயே இல்லீங்க" என்றார் அங்கமுத்து, கொஞ்சம் பெருமையோடு.

முதலாளி கலவை எந்திரத்தைப் பார்த்தார். பாதி மரத்தைப் பார்த்தார். "ரோலரு?"

அங்கமுத்து கம்ப்யூட்டரில் மூன்று முறை தேடினார். "நம்மகிட்ட ரோலரே கெடையாதுங்க. ரோட்டோரமா யாரோடதோ ஒண்ணு நிக்குது."

முதலாளிக்கு ரத்தம் தலைக்கேறியது. "நான் யாருன்னு தெரியுதாடா உனக்கு?"

நியாயமான கேள்வி. அங்கமுத்து அதையும் தேடினார்.

"நாச்சிமுத்து என்று பதிவேட்டில் எதுவும் இல்லை" என்றது ஏஜெண்ட்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கயிறு கொண்டாரட்டுமுங்களா?" என்று சென்னிமலை தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வேண்டாம். மரியாதையாவே கூட்டிட்டுப் போலாம்" என்றார் அங்கமுத்து.

அங்கமுத்துவும் சென்னிமலையும் முதலாளியை ஆளுக்கொரு கையாகப் பிடித்து, சாலையைக் கடந்து, ரோலர் மேல் மெதுவாக ஏற்றி உட்கார வைத்தார்கள். தெய்வாத்தாள் ஒரு டீயும் கொண்டுவந்து கொடுத்தார். முதலாளி போட்ட கூச்சலைக் கேட்டு அங்கமுத்துவுக்கு மனசு இளகிவிட்டது.

"பயப்படாம உக்காந்திருங்க, நெழலாத்தான் இருக்குது" என்றார். "உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் தேடிக்கிட்டு வராமயா போயிருவாங்க?"