பைக்கு ஒரு ஆள்

ஆடி அமாவாசைக் காலை. சங்கிலி சாமி கடலில் முழுகிவிட்டுக் கரையேறினார். அவருடைய மாற்று வேட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார் சீடர் குற்றாலிங்கம். ஐம்பது வயது. கண்டக்டர் வேலையை விட்டுவிட்டுச் சாமியிடம் வந்தவர்.

பத்தடி தள்ளி ஒரே கூச்சல். மஞ்சள் பாவாடை கட்டிய ஐந்து வயதுப் பிள்ளையை அலை இழுத்துப்போனது. சங்கு விற்கும் அம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். சடையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவந்தாள். பிள்ளை உப்புத்தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதது.

தகப்பன் ஓடிவந்து அதன் முதுகில் அறைந்தான். "சொல்லச் சொல்லக் கேக்காம ஏன்டி போன?"

குற்றாலிங்கம் சாமியிடம் திரும்பினார்.

"சாமி, அவனை நீங்க கேக்கீங்களா, நான் கேக்கட்டுமா? நான் போனா கைதான் பேசும்."

சாமி ஈரத்தோடே போனார். மறுபடி ஓங்கிய கையைப் பிடித்தார்.

"பிள்ளையை யாரு பாத்துக்கிட்டது?"

"அவ அம்மாகூடத்தான நின்னா," என்றான் தகப்பன்.

"நான் தலை முழுகிட்டு இருந்தேன். மதினி பக்கத்துல நிக்காவன்னு நெனச்சேன்," என்றாள் தாய்.

மதினி சீறினாள். "எங்கிட்ட சொல்லிட்டா முழுகுன? பெரியப்பா கரையிலதான இருக்காவ!"

பெரியப்பா மணலில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பைகள், செருப்புகள்.

"என்னைப் பையைப் பாக்கச் சொன்னாவ சாமி. ஒண்ணுக்குக்கூட எந்திரிக்கல."

"ஏதும் காணாமப் போச்சா?"

"ஒத்தச் செருப்பு போகல."

சாமி பிள்ளையைத் தூக்கினார். பைகளுக்கு நடுவே, பெரியப்பாவின் மடியில் வைத்தார்.

"இதையும் சேத்துப் பாத்துக்கிடும்."

சங்குக்கார அம்மாள் மணலில் துப்பிவிட்டு, சிதறிக் கிடந்த சங்குகளைப் பொறுக்கப் போனாள்.

திரும்பி நடந்தார்கள். குற்றாலிங்கத்துக்குக் கோபம் தணியவில்லை.

"என்ன சென்மங்க சாமி! இத்தனை தடிமாடுங்க நின்னு என்ன புண்ணியம்? அலை வர்றதுக்கு முன்னாலயே நான் பாத்தேன், மஞ்சப் பாவாடை தனியா உள்ள போகுதேன்னு."

சாமி நின்றார்.

"பாத்தீரா?"

"பாத்தேன். கூடத்தான் அத்தனை பேரு இருக்காங்களேன்னு..."



சாமியின் உடம்பிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் குற்றாலிங்கத்தின் கக்கத்தைப் பார்த்தார்.

"என் வேட்டி நனையலையே?" என்றார்.