வஜ்ரனை வீழ்த்தியவன்

காசு போட்டு ஆடிய பழைய சண்டை ஆட்டங்களை வீட்டு டி.வி.யில் ஆடும்படி மாற்றிக் கொடுப்பது எஸ்தரின் தொழில். தூத்துக்குடியில் அவளிடம் அந்த வேலையைக் கற்க வந்த மாசிலாமணி அவளைவிடப் பத்து வயது மூத்தவன். அவன் அவளை டீச்சர் என்பான். அவள் அவனை அண்ணாச்சி என்பாள்.

அவனிடம் இருந்த தகுதி ஒன்றுதான். அப்படியொரு ஆட்டத்தின் கடைசி மல்லனான வஜ்ரனை ஊரில் வீழ்த்திய ஒரே ஆள் அவன். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. ஆட்ட மெஷின் வைத்திருந்த கடைக்காரர் அவனைப் போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டினார். அதன்பின் பல வருடம், தோற்றவர்கள் கூடி நின்ற இடத்தில் ஸ்டூல் மேல் ஏறி அவன் பேசினான்.

"அவனும் விழுவான்டே! நான் விழ வச்சிருக்கேன். இன்னொரு காசு போடுங்க!"

உப்பளத்தில் முதுகு வெந்து வந்தவர்கள் அவன் பேச்சைக் கேட்டு மறுபடி காசு போட்டார்கள். அவனுக்கு மட்டும் கடையில் டீ சும்மா வந்தது. அதை மரியாதை என்று நினைத்துக் குடித்தான்.

இப்போது அதே ஆட்டத்தை மாற்றும் வேலை வந்திருந்தது. வஜ்ரனை இயக்க எழுதியிருந்த புரோகிராம் வரிகளைப் படித்துக்கொண்டிருந்த மாசிலாமணி பாதியில் எழுந்து வந்தான்.

"டீச்சர், நாம பட்டன அமுக்கினதுமே அவனுக்குத் தெரிஞ்சிருது. நம்ம கை கிளம்புறதுக்கு முன்னாலயே தடுத்துருதான்."

"ஆமா."

"அதுக்குக் கீழ இன்னொண்ணு இருக்கு. ஐநூறு காசு விழுந்தா, ஒரே ஒரு ஆட்டத்துக்கு அவனுக்கு ஒண்ணும் தெரியாமப் போயிருது."

"ஆமா."

"ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"முதல் வாரமே பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

மாசிலாமணி அந்த வரிகளைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப அந்த ஐநூறாவது காசோட அவன் வரைக்கும் போனவன் நான் ஒருத்தன்தான். அத வச்சு எத்தன பேர காசு போட வச்சேன் டீச்சர்..."

எஸ்தர் பக்கத்து நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"வீட்டுல காசு போட வழியில்ல. இப்படியே மாத்தினா அவன ஒருத்தனும் ஜெயிக்க முடியாது. நான் என்ன செய்யட்டும்?"

"உக்காருங்க."

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அந்த இரண்டு இடத்திலும் இருந்த வரிகளை அழித்தாள். ஆட்டத்தை ஓடவிட்டு, கன்ட்ரோலரை அவன் கையில் வைத்தாள்.

"இப்ப அவனுக்கு ஒங்க பட்டன் தெரியாது. ஐநூறுக்கு ஒண்ணுங்கிற கணக்கும் கிடையாது. ஆடுங்க."

"தோத்துட்டா?"

"தோத்துட்டீங்கன்னு அர்த்தம். நேர்மையான ஆட்டத்துல தோக்குற பாக்கியம்கூட ஒங்களுக்கு இதுவர கிடச்சதில்லயே."

அவன் ஆடினான். முதல் சுற்றில் வஜ்ரன் அவனைச் சுவரோரம் தள்ளி நொறுக்கினான். இரண்டாவது சுற்றில் அவன் விரல்களுக்குப் பழைய அடிகள் நினைவு வந்தன; அதை அவன் ஜெயித்தான். மூன்றாவதில் இருவருக்கும் நூலளவு உயிர்தான் மிச்சம். மாசிலாமணி குனிந்து காலை வீசினான். வஜ்ரன் மல்லாந்து விழுந்தான்.

வெற்றி என்று திரை மின்னியது. மாசிலாமணி சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தான். பிறகு எஸ்தரின் விரல்களைப் பார்த்தான்.

"டீச்சர், நெசமாவே எடுத்துட்டீங்களா? இல்ல, எனக்காக எங்கயாவது ஒரு வரிய விட்டு வச்சிருக்கீங்களா?"

"ஒங்க கண்ணு முன்னாலதான எடுத்தேன்?"

"பாத்தேன். பாத்துட்டுதான் கேக்கேன்."

எஸ்தர் அவன் கையிலிருந்து கன்ட்ரோலரை மெல்ல வாங்கிக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு இந்த ஆட்டத்தச் செஞ்சவங்க ஒங்களுக்குக் குடுத்தது ஜெயிப்ப இல்ல, இந்தக் கேள்வியத்தான், அண்ணாச்சி."