பூசணிக்காய்க்கு நடுவே ஒரு நாற்காலி

காலை ஆறு இருபது. வாசலில் பூசணிக்காய் மூன்று. கடைக்காரர் பெயர் அறவாழி.

பெரம்பலூரில் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருவில், செப்டம்பர் பத்தாம் தேதி புதன்கிழமை, அவருடைய பாத்திரக் கடைக்குத் திறப்பு விழா. ஏழரைக்கு எமகண்டம். அதற்குள் விளக்கேற்றிவிட வேண்டும்.

அறவாழிக்கு ஐம்பத்தாறு வயது. தனியார் பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டர். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மங்கையர்க்கரசிக்கு முப்பத்துமூன்று. தெருவின் மறுகோடியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அங்கே ஒரு வருடம் சம்பளம் வாங்காமல் நின்று வியாபாரம் பழகினார் அறவாழி. வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார். அந்தம்மாவுக்கு அது பிடிக்காது. அதனாலேயே விடாமல் கூப்பிடுவார்.

விளக்கை வாத்தியாரம்மாதான் ஏற்ற வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

முந்தின நாள் சாயங்காலம் கடையைச் சுற்றிப் பார்க்க வந்தபோது மங்கையர்க்கரசி முதலில் கேட்டது இதுதான்.

“பாலிசி எடுத்தாச்சா அண்ணே?”

“போன வாரமே எடுத்தாச்சு. ஏஜென்ட் இருதயராஜ்கிட்ட. தீப்பிடிச்சா உண்டு, திருட்டுப் போனா உண்டு, வெள்ளம் வந்தாக்கூட உண்டு.”

“வாங்க வர்றவங்களுக்கு அடிபட்டா?”

“அதை மட்டும் வேணாம்னுட்டேன். நாம பாத்திரம் விக்கிறோமா, பட்டாசு விக்கிறோமா?”

மங்கையர்க்கரசி மேல் தட்டை அண்ணாந்து பார்த்தார். பித்தளைப் பானைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருந்தன.

“உங்க பஸ்ஸுல யாரும் விழுந்ததில்லையா?”

“விழாம? மாசத்துக்கு ஒருத்தன் படியிலேர்ந்து விழுவான். ஆனா ஒருத்தன்கூட என்கிட்ட வந்து நஷ்டஈடு கேட்டதில்ல.”

“யாரைக் கேட்டாங்க?”

“முதலாளியை.”

“இப்ப முதலாளி யாரு?”

“நான்தான்!”

நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். ஊரில் இருந்த முக்கால் ஏக்கரை விற்றுத்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. கடை போனால் திரும்பிப் போக நிலமும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஆனால் கேள்வி எதற்கு வந்தது என்று அவர் யோசிக்கவில்லை.

“சரி, நீங்களே சொல்லுங்க வாத்தியாரம்மா. அந்தப் பாலிசி எனக்கு எதுக்கு?”

“காலையில வரேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை, அறவாழியின் மனைவியின் தம்பி தெய்வசிகாமணி கற்பூரம் ஏற்றி, பூசணிக்காயைச் சுற்றி, நடு ரோட்டில் ஓங்கி உடைத்தார். மூன்றையும். குங்குமம் தோய்ந்த சதை கடைப்படி முதல் எதிர்வரிசை வரை சிதறியது.

“பாத்தீங்களா மாமா? எவன் கண்ணும் இனி அண்டாது.”

அந்த நேரத்தில்தான் மங்கையர்க்கரசி பட்டுப்புடவையில் வந்தார். எல்லோரும் வழி விட்டார்கள். அவர் படியேறவில்லை. விருந்தாளிகளுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை எடுத்தார். ரோட்டில், பூசணித் துண்டுகளுக்கு நடுவே போட்டு உட்கார்ந்தார்.

ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, காலங்காத்தால மறியலா?”

அறவாழி ஓடி வந்தார். “வாத்தியாரம்மா, மணி ஏழு ஆச்சு. உள்ள வாங்க.”

“நான் எந்திரிச்சா வண்டி நேரா இது மேல வரும். வழுக்கும் அண்ணே.”

“கூட்டித் தள்ளச் சொல்றேன்.”

“ஐயையோ, கழிச்ச திருஷ்டியைக் கூட்டக் கூடாது மாமா” என்றார் தெய்வசிகாமணி. “போறவன் பாத்துப் போகட்டும்.”

“அப்ப நான் இங்கயே இருக்கேன். டிபன் மட்டும் அனுப்பிடுங்க” என்றார் மங்கையர்க்கரசி.

கூட்டம் சிரித்தது. அறவாழி சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். ஏழே கால்.

தோளில் தண்ணீர் கேனோடு ஒருவர் நாற்காலியைச் சுற்றிக் கடந்தார். துண்டு ஒன்றின் மேல் கால் பட்டுச் சர்ரென்று வழுக்கியது. மங்கையர்க்கரசி உட்கார்ந்தபடியே அவர் முழங்கையை எட்டிப் பிடித்து நிறுத்தினார். கேன் விழுந்து உருண்டு கடைப்படியில் முட்டி நின்றது.

அறவாழியின் கை, பழக்கத்தில், விசிலைத் தேடி வாய்க்குப் போயிருந்தது. விசில் இல்லை. நிறுத்தச் சொல்ல முன்னால் டிரைவரும் இல்லை.

கேன்காரர் முனகிக்கொண்டே கேனைத் தூக்கிக்கொண்டு போனார். மங்கையர்க்கரசி அறவாழி பக்கம் திரும்பினார்.

“காயை எதுக்கு அண்ணே உடைச்சீங்க?”

“கடைக்குக் காவல்தான்.”

“யார்கிட்டேர்ந்து?”

“வர்றவங்க போறவங்க கண்ணுலேர்ந்து.”

“கடையை அவங்ககிட்டேர்ந்து காப்பாத்தியாச்சு. அவங்களை உங்க கடைகிட்டேர்ந்து காப்பாத்த என்ன செஞ்சீங்க?”

அறவாழி உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்து வந்தார். புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படியிலிருந்து எதிர்வரிசை வரை தானே கூட்டினார். தெய்வசிகாமணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

விளக்கேற்றும்போது ஏழரைக்கு இரண்டு நிமிடம் இருந்தது. ஏஜென்ட் இருதயராஜ் கேசரி சாப்பிட்டு முடிக்கும்வரை அறவாழி அவர் பக்கத்திலேயே நின்றார். வேண்டாம் என்று விட்டதை அன்றே பாலிசியில் சேர்த்தார்கள்.

நவம்பர் இருபதாம் தேதி, மேல் தட்டிலிருந்து ஒரு பித்தளைப் பானை சரிந்து, கீழே நின்று விலை கேட்டுக்கொண்டிருந்த பள்ளி ஆசிரியை ஒருவரின் கால் எலும்பு முறிந்தது. சிகிச்சைச் செலவை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தது. ஜனவரி பன்னிரண்டாம் தேதி அந்த ஆசிரியை லேசாக நொண்டியபடி கடைக்கு வந்தார். பானை ஒடுங்கியிருந்ததைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லி, பொங்கலுக்கு அதையே வாங்கிப் போனார்.