செம்போத்து பொங்கிய மூன்று நாட்கள்

மனிதருக்கும் பறவைக்கும் பேச்சு ஒன்றாயிருந்த அந்தக் காலத்தில், செம்போத்தின் கண் கறுப்பாக இருந்தது. குரலும் இன்றைக்கு நாம் கேட்கிற குரல் இல்லை. மெல்லிசான குரல். விடிந்ததும் மூங்கில் புதரில் உட்கார்ந்து இழுத்து இழுத்துப் பாடும். பாடி முடித்த கையோடு பேச ஆரம்பித்துவிடும். அதுதான் தொல்லை. யார் வீட்டில் என்ன குழம்பு, யாருடைய ஆடு எத்தனை குட்டி போட்டது, எல்லாம் அதற்குத் தெரியும். கேட்காவிட்டாலும் சொல்லும். அதனால் அந்த மலையடிவாரத்து ஊரில் ஒருவரும் அதற்குக் காது கொடுப்பதில்லை.

அந்த ஊருக்குத்தான் குருந்தாயியும் அவள் புருஷன் மாதனும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வீட்டையும் காட்டையும் ஆறு கொண்டுபோய்விட்டது. வழியில் இரண்டு ஊர்களில் தங்கிப் பார்த்தார்கள், இரண்டிலும் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். குருந்தாயிக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். மூங்கில் புதரை ஒட்டி ஒரு குடிசை போட்டுக்கொண்டு, "இனிமே என்னால நடக்க முடியாது மாமா. இந்தப் புள்ள இங்கதான் பொறக்கணும்" என்றாள்.

ஆனால் அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் ஒரு பானை சாமைக் கள் வைக்க வேண்டும். ஊரார் வந்து பார்ப்பார்கள். சுரைக் குடுவையில் கள்ளை ஊற்றி, அடியில் ஒரு சோழியைப் போடுவார்கள். மேலிருந்து பார்த்தால் சோழியின் பல் தெரிய வேண்டும். தெரிந்தால் வீட்டுமனை, கிணற்றில் தண்ணீர், காட்டில் ஒரு பங்கு. தெரியாவிட்டால் ஊரை விட்டுப் போய் அடுத்த அறுப்புக்கு வரலாம். எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். கூழைப் பொங்க வைக்க, பழைய பானையின் அடியில் தங்கிய மண்டியில் மூன்று கைப்பிடி கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஒரு பானையைச் சும்மா விடத் தெரிந்தவள் பக்கத்து வீட்டுக்காரரையும் சும்மா விடுவாள் என்பது அவர்கள் கணக்கு. எனக்கென்னவோ அது சரியாகத்தான் படுகிறது.

குருந்தாயி பிறந்த ஆற்றங்கரையில் யாரும் கள் வைப்பதில்லை. அவளுக்கு அதில் ஒன்றும் தெரியாது. மண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் விழித்தபோது செம்போத்து புதரிலிருந்து இறங்கி வந்தது.

"கவலைய விடு தாயி. இந்த ஊர்ல எத்தனை பானை பார்த்திருக்கேன். நான் சொல்றேன், நீ செய்."

"நெசமாவா அண்ணே?" என்றாள் குருந்தாயி. செம்போத்தை அண்ணன் என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். வந்த நாளிலிருந்து தினமும் காலையில் அதன் பாட்டை முழுசாக உட்கார்ந்து கேட்டவளும் அவள்தான். அவள் தீயில் குதிக்கச் சொன்னாலும் அது குதித்திருக்கும்.

கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து இடிக்கச் சொன்னது. சாமையைக் கூழாகக் காய்ச்சச் சொன்னது. இரண்டையும் கலந்து மண்டியைப் போடச் சொன்னது. எல்லாம் சரிதான். கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. "இப்பவே போடலாமா?" என்று அவள் கேட்டாள். "போடு போடு" என்றது. ஊர்ப் பானைகளைக் கூரையிலிருந்தே பார்த்த பறவைக்குச் சூடு எங்கே தெரியும்? மூன்று நாள் காத்திருந்தும் பானை பொங்கவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லை. மண்டி வெந்துபோயிருந்தது.

இரண்டாம் பானைக்குக் கூழை நன்றாக ஆறவிட்டாள். "பானை வாயை இறுக்கி அடைச்சுடணும்" என்றது செம்போத்து. ஊரில் எல்லாப் பானையும் மூடியிருந்ததைத் தூரத்திலிருந்து அது பார்த்திருந்தது. மூடியது எது, துணியா மண்ணா என்று பார்க்கவில்லை. குருந்தாயி தட்டு வைத்துக் களிமண் பூசினாள். அடுத்த நாள் மத்தியானம் மாதன் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது பானை வெடித்தது. கூழ் அவன் தலையிலிருந்து முகத்தில் வழிந்தது.

"உங்க அண்ணன் இன்னும் என்னென்ன சொல்லியிருக்காரு?" என்று மாதன் கேட்டான்.

குருந்தாயிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இன்னும் ஒரு பானைக்குத்தான் சாமை இருந்தது. மண்டியும் ஒரே ஒரு கைப்பிடி. இந்த முறை அவள் செம்போத்தைக் கேட்கவில்லை. விரலை விட்டுப் பார்த்து, விரல் பொறுக்கிற சூட்டுக்குக் கீழே வந்ததும் மண்டியைக் கலந்தாள். மூச்சு விடட்டும் என்று பானை வாயில் துணியைக் கட்டினாள். மறுநாள் விடியலில் பானைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. குப்... குப்... குப்... குப்...

"பேசுது மாமா, பேசுது!" என்று அவள் கத்தியதில் மாதன் எழுந்து ஓடப் பார்த்தான். இன்னொரு பானை வெடிக்கிறது என்று நினைத்துவிட்டான்.

பேசுகிற பானையை யாரும் திறக்கக் கூடாது, அது அந்த ஊர்க் கட்டுப்பாடு. ஊர்த் தலைவியாக இருந்தாலும் வாசலில் நின்று காதால் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நான்கு நாள் பேசிவிட்டு ஐந்தாம் நாள் பானை ஓய்ந்தது. குருந்தாயி வேறொரு பானையை எடுத்தாள். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கிற தேற்றாங்கொட்டையை அதன் உட்புறத்தில் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். குடிதண்ணீருக்கு அவள் ஆற்றங்கரையிலும் அப்படித்தான் செய்வாள். பிறகு அடி மண்டி அசையாமல் மேலே நின்ற கள்ளை மட்டும் அந்தப் பானைக்கு இறுத்து, வாயில் துணியைக் கட்டினாள். மூன்று நாள் அசையாமல் இருந்தால் தெளிந்துவிடும். நான்காம் நாள் காலையில் ஊரார் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

முதல் நாள் அவள் பானைப் பக்கமே போகவில்லை. இரண்டாம் நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் மாதன் விறகுக்குப் போனான், அவள் ஓடைக்குத் தண்ணீருக்குப் போனாள். போகும்போது, "அண்ணே, பானையைக் கொஞ்சம் பார்த்துக்கோ" என்றாள்.

யாரும் தொடாமல் பார்த்துக்கொள் என்றுதான் அவள் சொன்னாள். செம்போத்தும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் காவல் இருந்தது. பிறகு யோசனை வந்தது. தெளியாமல் இருந்தால்? நாளைக்கு அவளை அனுப்பிவிட்டால்? முன்கூட்டியே பார்த்துச் சொன்னால் நல்லதுதானே? இரண்டு பானை நம்மால் கெட்டது, இதையாவது நாம் பார்க்க வேண்டாமா? இப்படி நல்ல எண்ணத்தோடு துணியை அலகால் விலக்கியது.

உள்ளே இருட்டாக இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. சரி, ருசி பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒரு சொட்டுக் குடித்தது. நன்றாக இருந்தது. நன்றாக இருப்பது உண்மையா என்று பார்க்க இன்னொரு வாய் குடித்தது. அதற்கப்புறம் எத்தனை வாய் என்று அதற்கே தெரியாது. கழுத்தை நீட்டி நீட்டிக் கடைசியில் தலைகுப்புற உள்ளே விழுந்தது. இறக்கையை அடித்தது, காலை உதைத்தது, கத்தியது. வெளியே வந்து விழுந்தபோது கண் இரண்டும் குன்றிமணியாகச் சிவந்திருந்தன. அடியில் படிந்திருந்த மண்டி முழுக்க மேலே வந்து கள் கழுநீர் மாதிரி ஆகிவிட்டது.

குருந்தாயி குடத்தோடு வந்து நின்றாள். தரையில் நனைந்து கிடந்த செம்போத்தைப் பார்த்தாள். பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தாயி, நான் வந்து... தெளிஞ்சுதான்னு..." செம்போத்துக்கு வாய் குழறியது.

அவள் திட்டவில்லை. மிதந்த இறகுகளை எடுத்துப் போட்டுவிட்டுத் துணியைத் திரும்பக் கட்டினாள். பிறகு மூலையில் இருந்த பழைய புடவையை விரித்து, அரிவாளையும் இரண்டு சட்டியையும் அதில் வைத்து மூட்டை கட்டத் தொடங்கினாள். வயிறு இடித்ததால் குனிய முடியாமல் உட்கார்ந்துதான் முடிச்சுப் போட்டாள். ஒரு வார்த்தை வைதிருந்தால்கூடச் செம்போத்து தாங்கியிருக்கும். இதைத் தாங்க முடியவில்லை. புதருக்குள் போய் முகத்தை மறைத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் ஊர்த் தலைவி காளியக்கா நான்கு பேரோடு வந்தாள். ஒருவர் கையில் சுரைக் குடுவை, ஒருவர் கையில் சோழி. மாதன் மூட்டைக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றான். குருந்தாயி கதவோரம் நின்றாள். காளியக்கா வாசலில் காலை வைத்தாள்.

குப்... குப்... குப்... குப்...

காளியக்கா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "என்னம்மா இது, இன்னும் பேசுதா?"

குருந்தாயி பானையைத் திரும்பிப் பார்த்தாள். பானை பேசவே இல்லை. சத்தம் குடிசைக்குப் பின்னாலிருந்து, மூங்கில் புதருக்குள்ளிருந்து வந்தது. மாதன், "பானை எங்க பேசுது..." என்று ஆரம்பித்தான். அவள் அவன் கால் கட்டைவிரலை நன்றாக மிதித்தாள்.

"பேசுது போலிருக்கேக்கா" என்றாள்.

"ஓயறதுக்கு முந்தியே இறுத்திருப்பா. புதுசுதானே, அவசரம்" என்றார் சோழிக்காரர்.

"பேசுற பானையைத் தொறக்கறதில்ல. மூணு நாள் கழிச்சு வரோம்" என்று காளியக்கா திரும்பி நடந்தாள்.

புதருக்குள் செம்போத்து மூச்சு வாங்கியது. அதன் மெல்லிய குரலில் பானைச் சத்தம் வரவே வராது. முதலில் எவ்வளவோ முயன்று பார்த்துத் தோற்றது. பிறகு தலையைத் தாழ்த்தி, அலகை மார்போடு அழுத்தி, குரலை வயிற்றுக்குள் தள்ளிப் பேசியபோதுதான் அந்தச் சத்தம் வந்தது. தொண்டை கிழிந்தது போல வலித்தது. ஆனால் நிறுத்த முடியாது. ஓடைக்குப் போகிறவர்கள் குடிசை வாசலில் ஒரு நிமிஷம் நின்று காதைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். ஆடு மேய்க்கப் போகிறவர்களும் நின்றார்கள். பொழுதெல்லாம் பொங்க வேண்டியிருந்தது.

குருந்தாயி பின்பக்கம் போய், "போதும் அண்ணே, தண்ணி குடி" என்பாள். அது இரண்டு மடக்குக் குடித்துவிட்டுத் திரும்பவும் தலையைத் தாழ்த்திக்கொள்ளும். ஊரிலேயே அதிகம் பேசிய பறவை மூன்று நாள் வேறு ஒரு பேச்சும் பேசவில்லை. குருந்தாயியும் மூன்று நாள் பானையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மாதன்கூடக் குடிசைக்குள் காலை மெதுவாக வைத்து நடந்தான்.

நான்காம் நாள் காலையில் சத்தம் நின்றிருந்தது. காளியக்கா உள்ளே வந்தாள். துணியை அவிழ்த்துக் குடுவையில் மெதுவாக முகந்து ஜன்னலோர வெயிலில் வைத்தாள். சோழியைப் போட்டார்கள். அது அடிக்குப் போய் உட்கார்ந்தது. ஐந்து தலைகள் குடுவைக்கு மேலே குனிந்தன.

சோழியின் பல் ஒவ்வொன்றும் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் தெரிந்தது. ஊறி ஊறிக் கனத்துப்போன, சுண்டுவிரல் நகம் அளவு ஒரு செங்கல் நிற இறகு.

காளியக்கா குடுவையைப் பார்த்தாள். மூலையில் கட்டி வைத்திருந்த மூட்டையைப் பார்த்தாள். குருந்தாயியின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாகப் புதரைப் பார்த்தாள். அங்கே ஒரு சிவந்த கண் இலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"பல்லு தெரியுதான்னு பார்க்க வந்தோம்" என்றாள் காளியக்கா. "இறகுல இருக்கிற இழையே தெரியுது. இதுக்கு மேல என்ன தெளிவு வேணும் உங்களுக்கு?"

சோழிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். காளியக்கா குடுவையை அவர் கையில் திணித்து, "குடிச்சுப் பாருங்க மாமா" என்றாள். அவர் குடித்தார். அதற்கப்புறம் அவர் இன்னொரு குடுவை கேட்டாரே தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அன்று மத்தியானமே மூங்கில் புதரை ஒட்டி மனைக்கு நான்கு கல் நட்டார்கள். புதரை மட்டும் வெட்டக் கூடாது என்று காளியக்கா சொல்லிவிட்டுப் போனாள். குருந்தாயி மூட்டையை அவிழ்த்துச் சட்டிகளை அடுப்படியில் வைத்தாள்.

அடுத்த நாள் விடியலில் செம்போத்து பழைய இடத்தில் உட்கார்ந்து பாட வாயைத் திறந்தது. குப்... குப்... என்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி பார்த்தது. குப்... குப்... குப்... அதற்குத் துக்கமாகப் போயிற்று. பேசலாம் என்று பார்த்தால் அதுவும் முடியவில்லை. மெதுவாகத் திரும்பிப் பார்த்தது. குருந்தாயி வழக்கம்போல வாசலில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது.

"பாடு அண்ணே," என்றாள். "எம் புள்ளைக்கும் கேக்கட்டும்."

செம்போத்து தலையைத் தாழ்த்தி, அலகை மார்போடு சேர்த்து, வயிற்றிலிருந்து பாடியது. அதன் கண் சிவந்தே இருப்பதும், பொங்குகிற பானையின் குரலில் அது கூப்பிடுவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். அந்தக் குரல் எங்கே கேட்டாலும் அந்த மலையடிவாரத்துப் பெண்கள் பானைத் துணியை அவிழ்க்கப் போன கையை எடுத்துக்கொண்டு, இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள்.